ஓட்டைக்கு ஐம்பது

சுவரில் இருக்கும் ஓர் ஓட்டையின் விலை ஐம்பது. பெரிய ஓட்டை, சின்ன ஓட்டை என்ற பேதம் கிடையாது. அந்த விலையை வைத்தவன் நான். எங்கள் வம்சத்தில் பழைய கோணி முதல் பாதி எரிந்த மெழுகுவத்தி வரை எல்லாவற்றையும் விற்றிருக்கிறார்கள். ஒன்றுமே இல்லாத இடத்துக்கு விலை போட்டவன் நான் ஒருவன்தான் என்று கொஞ்ச காலம் மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

எனக்கு ஆணிக்கடை. சுவரில் எதையாவது மாட்ட வேண்டுமென்றால் ஊரில் எல்லாரும் என்னிடம்தான் வர வேண்டும். ஸ்டீல் ஆணி, கொக்கி, திருகாணி, சுவருக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக், சட்டத்தின் முதுகில் அடிக்கும் வளையம், கம்பி, கயிறு. எட்டடிக்குப் பத்தடிக் கடையில் இருநூற்றுப் பதினாறு சின்னப் பெட்டிகள். என் பெயரை ஊர் மறந்து வெகுநாளாயிற்று. 'ஆணி' என்றுதான் கூப்பிடுவார்கள். போனில் யாராவது "ஆணி இருக்காரா?" என்று கேட்டால் என் வீட்டுக்காரி, "எந்த சைஸ் வேணும்?" என்கிறாள்.

கடையோடு இன்னொரு வேலையும் உண்டு. வெளியூருக்குப் போய்விட்டவர்களின் வீடுகளைப் பார்த்துக்கொள்வேன். குடி வைப்பது, வாடகை வாங்கி அனுப்புவது, காலி செய்தால் பெயின்ட் அடிப்பது. அந்த வீடுகளில்தான் நான் சட்டம் போட்டேன். குடிவரும்போது சுவரில் உள்ள ஓட்டைகளை எண்ணி நோட்டில் எழுதுவேன். போகும்போது மறுபடி எண்ணுவேன். கூடுதலாக இருக்கும் ஒவ்வோர் ஓட்டைக்கும் ஐம்பது, முன்பணத்தில் கழித்துக்கொள்ளப்படும். சுவரைக் காப்பாற்ற என்று சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், பசை தடவிய ஒட்டுக் கொக்கி நான்கு பெட்டி கடையில் தேங்கிக் கிடந்தது. ஆணி அடித்தால் ஐம்பது, ஒட்டுக் கொக்கி வாங்கினால் இருபது. யாராக இருந்தாலும் மனக்கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

வீட்டுக்காரர்களுக்குச் சந்தோஷம், சுவருக்குச் சுகம், எனக்கு வியாபாரம். மூன்று பேருக்கும் லாபம் என்றால் நாலாவதாக ஒருத்தன் எங்கேயோ நஷ்டப்படுகிறான் என்று என் அப்பா சொல்வார். அந்த நாலாவது ஆள் யாரென்று தெரிய எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, போர்வையில் சுற்றிய எதையோ கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சர்வேயர் கடைக்கு வந்தார். நல்ல உயரம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகியும் நடக்கும்போது அடி எண்ணுகிற மாதிரியே நடப்பார். இந்த ஊரில் பாதிச் சண்டை ஆரம்பித்தது அவருடைய அளவுச் சங்கிலியால். மீதிச் சண்டை தீர்ந்ததும் அதே சங்கிலியால். ஆறு வருஷம் முன்னால் மனைவியோடு மகள் வீட்டுக்குப் போனவர், வீட்டை என்னிடம் ஒப்படைத்திருந்தார்.

"என்ன ஆணி, சௌக்கியமா?"

"இருக்கேன் சார். எப்ப வந்தீங்க? ஒரு போன் பண்ணியிருந்தா வீட்டத் தொடச்சு வச்சிருப்பேனே."

"நேத்துதான் வந்தோம். வீடு நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. அதுதான் இப்பப் பிரச்சன." போர்வையை மேசைமேல் வைத்தார். "ஹால் சுவத்துல என் ஓட்டையக் காணோம்."

ஆணிக்கடையில் ஆணி வளைந்துவிட்டது, கொக்கி உடைந்துவிட்டது என்று புகார் வரும். ஓட்டை காணாமல் போய்விட்டது என்று ஒருவர் வந்து நின்றது அதுதான் முதல் தடவை. முக்காலியை நகர்த்தி உட்காரச் சொன்னேன்.

அவர் சொன்னதை நான் சுருக்கிச் சொல்கிறேன், அவர் சுருக்கவில்லை. அவர் மனைவிக்கு மறதி. முதலில் சாவி, அப்புறம் கிழமை, அப்புறம் ஆட்கள். மகள் வீட்டில் கடைசி ஒரு வருஷமாகக் காலையில் செருப்பைப் போட்டு, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்துவிடுவாராம். "நேரமாச்சு, வீட்டுக்குப் போலாம்." நாள் முழுக்க இதே பேச்சு. சரி, நம் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று இவர் கிளம்பி வந்திருக்கிறார். இங்கே வந்தும் செருப்பு, கைப்பை, அதே பேச்சு.

"மக ஒரு இல்லம் பாத்து வச்சிருக்கா" என்றார். "நானும் போய்ப் பாத்தேன். குத்தம் சொல்ல முடியாது, சுத்தமா இருக்கு. ஆனா அவள மட்டுந்தான் சேத்துப்பாங்க. நான் செவ்வாயும் வெள்ளியும் போகலாம். நாலு மணிலேர்ந்து அஞ்சு வரைக்கும்."

மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"பன்னெண்டு நாள் கேட்டிருக்கேன். மக அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு மறு ஞாயிறு காரோட வர்றா. அதுக்குள்ள ஒரு தடவையாவது இவ அந்தப் பைய கீழ வச்சுட்டான்னா இங்கயே இருந்துடலாம். இல்லேன்னா நான் வாக்குக் குடுத்துட்டேன், அனுப்பிடணும்."

"இதுல ஓட்ட எங்க சார் வருது?"

போர்வையைப் பிரித்தார். கண்ணாடி போட்ட ஒரு படம். ஏதோ பழைய காலண்டரிலிருந்து வெட்டியது. ஓர் ஏரி, ஏரியில் ஒரு படகு, படகில் யாரும் இல்லை. என் கடையில் அந்தப் படத்தை வைத்தால் சட்டத்துக்காகத்தான் போகும், படத்துக்காகப் போகாது.

"அவ நாற்காலிக்கு எதிர்ல முப்பத்தோரு வருஷம் இது தொங்குச்சு. டாக்டர் சொல்றாரு, பழகின சாமான் பழகின எடத்துல இருந்தா வீடுன்னு பிடிபடும்னு. இது இருந்த எடத்துல மாட்டலாம்னு பாத்தா சுவரு கண்ணாடி மாதிரி இருக்கு. நோட்டுல எழுதி வச்சிருப்பியே?"

நோட்டை எடுத்தேன். என் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: 'சர்வேயர் வீடு. ஹால், கிழக்குச் சுவர். ஓட்டை 11.'

"எந்தெந்த எடம்னு எழுதலியா?"

"எண்ணிக்கைக்குத்தான் சார் காசு. எடத்துக்குக் காசு கெடையாது."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எல்லைக்கல்லைப் பிடுங்கியவனை அப்படித்தான் பார்த்திருப்பார்.

ஓட்டைகள் போன கதை எனக்குத் தெரியும். அந்த வீட்டில் ஆறு வருஷம் குடியிருந்தவர் ஒரு பல் டாக்டர். ஹாலில் நோயாளிகளை உட்கார வைத்து உள் அறையில் பல் பார்த்தார். அவர் பங்குக்கு அவரும் ஐந்து ஓட்டை போட்டிருந்தார். போன மாதம் காலி செய்யும்போது ஐந்து ஓட்டைக்கு இருநூற்றைம்பது என்று பயந்து அடைத்திருக்கிறார். எது தன் ஓட்டை, எது பழசு என்று தெரியாமல் பதினாறையும் அடைத்துவிட்டார். நான் எண்ணப் போனபோது சுவரில் பூஜ்யம். "வந்தப்ப பதினொண்ணு, போறப்ப ஒண்ணுமில்ல. கணக்குப்படி நீங்கதான் எனக்கு ஐந்நூத்தம்பது தரணும்" என்று வேறு வாதாடினார். அதற்குமேல் நான் இரண்டு கை பெயின்ட் அடிக்க வைத்தேன்.

ஆக அந்த நாலாவது ஆள் முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"கவலைய விடுங்க சார்" என்று படத்தைத் திருப்பினேன். முதுகில் இரண்டு வளையம், நடுவே ஒரு பழைய சணல் கயிறு. ஆணி உட்கார்ந்த இடத்தில் கயிறு கறுத்து, மடிந்து போயிருந்தது. "ஒத்த ஆணியில கயித்தப் போட்டு இப்ப யாரு சார் தொங்க விடுறாங்க? ரெண்டு கொக்கி போட்டுருவோம். ஒவ்வொண்ணும் பதினஞ்சு கிலோ தாங்கும். பூகம்பம் வந்தாலும் உங்க ஏரி அசையாது. நான் கியாரண்டி."

கயிற்றை வெட்டினேன். கடைக்காரன் பிறவி, இரண்டு முழக் கயிற்றைத் தூக்கியெறிய மனசு வருமா? சுருட்டிக் கருவிப் பெட்டியில் போட்டுக்கொண்டேன்.

சர்வேயர் வீட்டு ஹாலில் பிரம்பு நாற்காலியில் அவர் வீட்டு அம்மா உட்கார்ந்திருந்தார். காலில் செருப்பு, மடியில் பை, பையின் மேல் இரண்டு கை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வாங்க தம்பி. உங்களுக்கும் பல்லா?"

"இல்லம்மா. படம் மாட்ட வந்தேன்."

"நல்லது. நாங்க காலைலேர்ந்து உக்காந்திருக்கோம், டாக்டரக் காணோம்." பிறகு சர்வேயரைப் பார்த்தார். "சார், நீங்க ரொம்ப நேரமா நிக்கிறீங்களே. உங்க வீட்டம்மா தேட மாட்டாங்களா?"

"தேடுவா" என்றார் சர்வேயர். "எனக்காக உக்காந்துக்கிட்டு இருக்கா."

"பாவம். சீக்கிரம் போங்க."

அந்த ஹால் போன மாதம்வரை பல் டாக்டர் வீட்டுக் காத்திருக்கும் அறைதான், கிராம்புத் தைல வாசனைகூட இன்னும் போகவில்லை. அம்மா சொன்னது தப்பா சரியா என்று எனக்கே ஒரு கணம் பிடிபடவில்லை.

சர்வேயர் டேப்பை இழுத்தார். "ஜன்னல் சட்டத்துலேர்ந்து நாலடி ரெண்டங்குலம். தரையிலேர்ந்து அஞ்சடி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு." டிரில்லால் இரண்டு ஓட்டை போட்டு, பிளக் செருகி, கொக்கி திருகி, படத்தை மாட்டி, மேலே ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது. இந்த ஊரில் அவ்வளவு நேராக வேறு எந்தப் படமும் தொங்கவில்லை என்று சத்தியம் பண்ணுவேன்.

இரண்டு பேரும் விலகி நின்று அம்மாவைப் பார்த்தோம். அம்மா படத்தைப் பார்த்தார்.

"அழகா இருக்கு. யாரு வீட்டுப் படம்?"

சர்வேயர் மகளுக்குப் போன் போட்டார். அவர் பேசுவது அறை முழுக்கக் கேட்டது. அந்தப் பெண் பேசுவதும் கேட்டது.

"ஜன்னலா? இல்லப்பா. கதவுக்குப் பக்கம். நான் ஸ்கூல்லேர்ந்து ஓடி வரும்போது பை அதுல இடிக்கும், அம்மா கத்துவாங்க."

"உன் பை எப்படிம்மா அஞ்சடி உயரத்துல இடிக்கும்? நீ அப்ப மூணே முக்காலடி."

"அப்ப படம் தாழ இருந்திருக்கும்."

"நானில்ல அடிச்சேன், எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரிஞ்சா ஏம்ப்பா என்னைக் கேக்குறீங்க?"

சர்வேயர் போனை வைத்தார். மறுநாள் கதவருகே, நாலடி உயரத்தில், இன்னும் இரண்டு ஓட்டை. குமிழி நடுவில். அம்மா, "இங்க படம் மாட்டிக்கிட்டே இருக்காங்க, பல்ல யாரும் பாக்க மாட்டேங்கிறாங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை பல் டாக்டரையே கூட்டி வந்தேன். குண்டான, சுத்தமான மனிதர்; சிரிக்கும்போது தன் பல்லை முழுக்கக் காட்டுவார், விளம்பரம் மாதிரி. சுவரைக் கையால் தடவிப் பார்த்தார்.

"எதுல டாக்டர் அடைச்சீங்க?"

"பல் அச்சு எடுக்குற மாவுலதான். காஞ்சப்புறம் நைசா தேச்சு விட்டேன். நல்லா அடைச்ச பல்லு எதுன்னு வாய் வச்சிருக்கிறவருக்கே தெரியக்கூடாது. அதான் தொழில் சுத்தம்."

"இப்ப அடைச்சவருக்கே தெரியலியே."

"தொழில் அவ்வளவு சுத்தம்" என்றார் வருத்தத்துடன்.

திரைச்சீலையை இழுத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு சுவராகச் சாய்த்து அடித்தோம். மேடு பள்ளம் நிழல் விட்டது. டாக்டர் தன் சின்னக் கண்ணாடியின் கைப்பிடியால் சுவரைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். பழக்கதோஷத்தில் ஒரு தடவை, "இங்க வலிக்குதா?" என்றுகூடக் கேட்டுவிட்டார். "எனக்கு வலிக்கல டாக்டர்" என்று நாற்காலியிலிருந்து அம்மா பதில் சொன்னார்.

கண்டுபிடித்த ஓட்டையையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டேன். ஒரு மணி நேரத்தில் சுவருக்கு அம்மை போட்ட மாதிரி ஆயிற்று. எண்ணினேன். பதினைந்து.

"பதினாறுல்ல இருக்கணும்?"

மறுபடி எண்ணினோம். டாக்டர் பதினாலு என்றார். சர்வேயர் பதினாறு என்று சந்தோஷப்பட்டார். அதில் ஒன்று டாக்டரின் கட்டைவிரல் ரேகை. கடைசியில் பதினைந்துதான். வருவாய்த்துறையில் முப்பது வருஷம் அளந்தவர், வாய்க்குள் முப்பத்திரண்டையும் கணக்கு வைப்பவர், அரைக்காசுக்கும் நோட்டு எழுதுகிற நான். மூன்று பேருமாக ஒரு சுவரில் ஓர் ஓட்டையைத் தொலைத்துவிட்டு நின்றோம்.

"அந்த ஒண்ணுதான்" என்றார் சர்வேயர். "கெடைக்காத அந்த ஒண்ணுதான் என்னோடது."

அவர் படத்தை எடுத்து ஒவ்வொரு வட்டத்தின் மேலும் கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றார். பதினைந்து இடம். ஒவ்வோர் இடத்திலும் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார். எட்டாவது வட்டத்தில் அம்மா என்னைக் கூப்பிட்டு ரகசியமாகச் சொன்னார்:

"தம்பி, அந்தப் பெரியவர் கை கடுக்கப் போகுது. ஒரு ஆணி வாங்கிக் குடுங்களேன். நான் வேணா காசு தர்றேன்."

பையைத் திறந்து தேடினார். உள்ளே ஒரு சீப்பும் வீட்டுச் சாவியும் இருந்தன. அதே வீட்டின் சாவி.

அதற்கப்புறம் எங்களுக்கு நிதானம் போய்விட்டது. டாக்டருக்குச் சந்தேகமாக இருந்த ஒரு வட்டத்தில் மாட்டினோம். எனக்கு ராசியாகத் தோன்றிய ஒன்றில் மாட்டினோம். சர்வேயர் ஒரு காகிதத்தில் நாற்காலி, ஜன்னல், மனைவியின் கண் உயரம் எல்லாவற்றையும் கோடு போட்டு, முக்கோணம் வரைந்து ஓரிடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். அங்கேயும் மாட்டினோம். ஒவ்வொரு தடவையும் இரண்டு ஓட்டை, இரண்டு பிளக், இரண்டு கொக்கி, நடுவில் நிற்கும் குமிழி. ஒவ்வொரு தடவையும் அம்மா மரியாதையாகப் பார்த்துவிட்டுத் தெருப் பக்கம் திரும்பிக்கொள்வார். சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பார்கள். எங்களிடம் சித்திரம் பத்திரமாக இருந்தது, சுவர்தான் கரைந்துகொண்டிருந்தது.

எனக்கு ஒரு விஷயம் மட்டும் விளங்கவே இல்லை. இடம் தப்பு என்றால் ஏதாவது ஓர் இடத்திலாவது முகம் கொஞ்சம் மாறாதா? பக்கத்தில் வந்தால் 'சூடு', விலகினால் 'குளிர்' என்று ஒரு ஜாடைகூட இல்லை. எந்த இடத்தில் வைத்தாலும் ஒரே மாதிரி யாரோ வீட்டுப் படம். என் சரக்கில் குறையா, அவர் கணக்கில் குறையா, அந்த அம்மாவுக்குள் இனிமேல் வீடு என்று ஒன்று மிச்சமே இல்லையா? கடைசியாகச் சொன்னதை நான் சர்வேயரிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் அவரும் அதையேதான் சொல்லாமல் வைத்திருந்தார்.

அடுத்த வாரச் சனிக்கிழமை காலை பத்து மணி. மறுநாள் மகள் வருகிறாள். ஆறாவது இடம், நாற்காலிக்கு நேர் எதிரே. டாக்டரும் வந்திருந்தார், குற்ற உணர்ச்சியில் தினம் வந்துகொண்டிருந்தார். டிரில் போகும்போதே இடது பக்கம் மெத்தென்று உள்ளே போயிற்று. நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. மாட்டினேன். குமிழி நடுவில்.

அம்மா பார்த்தார். தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சர்வேயர் உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து தரையில் வைத்துத் திறந்தார். அம்மாவின் துணிகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்க ஆரம்பித்தார். ஓரம் ஓரத்தோடு சேர, மூலை மூலையோடு சேர. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் டாக்டர், "அப்ப நான் கெளம்புறேன்" என்று வெளியே போனார். பழைய வீட்டுக் கதவு; இழுத்துச் சாத்தினால்தான் மூடும். படார் என்று சாத்தினார்.

இடது கொக்கி பிளக்கோடும் ஒரு கைப்பிடி பல் மாவோடும் சுவரிலிருந்து கழன்று விழுந்தது. படம் ஒரு பக்கமாகச் சரிந்து, வலது வளையத்தில் மாட்டிக்கொண்டு ஊசலாடி நின்றது. பதினைந்து கிலோ, கியாரண்டி. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கருவிப் பெட்டியை நோக்கி ஓடினேன்.

அப்போது நாற்காலி கிரீச்சிட்டது.

அம்மா எழுந்திருந்தார். கைப்பையை நாற்காலியின் மேல் வைத்தார், அதில் ஒன்றும் விசேஷமில்லாத மாதிரி. நேராகச் சுவரிடம் நடந்து போனார். ஒற்றை விரலால் படத்தின் தாழ்ந்த மூலையை மேலே தூக்கினார். விட்டார். படம் மறுபடி சரிந்தது. மறுபடி தூக்கினார்.

"ஏங்க."

சர்வேயர் கையில் இருந்த துணியோடு நிமிர்ந்தார்.

"ஏங்க, உங்களத்தான். ஏரி சாஞ்சு கெடக்கு, தண்ணி பூரா கொட்டிடும் போல இருக்கு. ஊரெல்லாம் அளந்துட்டு வர்றீங்க. வீட்டுல ஒரே ஒரு ஆணி, அத உருப்படியா அடிக்கத் தெரியல."

அவர் துணியைக் கீழே வைத்தார். "அது சாஞ்சா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"என்னிக்கு நேரா இருந்துச்சு?" என்றார் அம்மா. படத்தைத் தோள்பட்டையில் தட்டுகிற மாதிரி இன்னொரு தட்டுத் தட்டிவிட்டு, தரையில் கொட்டிக் கிடந்த மாவைப் பார்த்து, "இது என்ன குப்பை? யாரு தம்பி நீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"ஆணிக்கடைம்மா."

"நீங்க அடிச்சதா? உங்களுக்கும் தெரியாதா?"

"தெரியாதும்மா" என்றேன். முப்பது வருஷ வியாபாரத்தில் நான் சொன்ன முதல் உண்மை என்று என் வீட்டுக்காரி பிற்பாடு சொன்னாள்.

சர்வேயர் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். "நான் காலைல எந்திரிச்சு வர்றதுக்குள்ள நேராக்கிடுவா போல. முப்பத்தோரு வருஷமா அது நேராத்தான் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், ஆணி. நான் சர்வேயர்."

ஒற்றை ஆணி, அதில் ஒரு கயிறு. தெருவில் பஸ் போனால் கொஞ்சம், கதவைச் சாத்தினால் கொஞ்சம், படம் நாளெல்லாம் சரியும். காலையில் அந்த அம்மா எழுந்து வந்து நேராக்குவார். அந்த ஏரியோ அந்தப் படகோ அவருக்கு ஒரு பொருட்டில்லை. அந்த மூலையைத் தூக்கிவிடுவதுதான் அவருக்கு வீடு. நான் என்ன செய்தேன்? அசையாத கொக்கியாகப் பொறுக்கி எடுத்து, இரண்டிரண்டாகப் போட்டு, ஆறு இடத்தில் அந்த வேலையை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். அதற்கு ரசமட்டம் வேறு.

கருவிப் பெட்டியின் அடியில் சணல் கயிறு சுருண்டு கிடந்தது. பழைய மடிப்பு மேலே வருகிற மாதிரி, வளையங்களில் கட்டினேன். ஸ்டீல் ஆணி ஒன்றை எடுத்தேன்.

"எங்க சார் அடிக்க?"

"நான் அடிக்கிறேன், குடு" என்றார். பிறகு மனைவியிடம், "எங்க அடிக்கட்டும்?" என்றார்.

அம்மா கையை வீசி மொத்தச் சுவரையும் காட்டினார். "அங்கதான். வேற எங்க?"

சர்வேயர் டேப்பை எடுக்கவில்லை. நின்ற இடத்தில் அடித்தார். முதல் அடி விரலில், இரண்டாவது அடி ஆணியில். ஆணி கோணலாகத்தான் இறங்கியது. நான் திருத்தப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சுவரை அடைக்கப் பட்டியும் கரண்டியுமாக நான் போனபோது மகளின் கார் வாசலில் நின்றது. கதவைத் திறந்துகொண்டு அந்தப் பெண் உள்ளே வந்தாள். தோளில் பெரிய பை. அம்மா அப்போதுதான் மூலையைத் தூக்கிவிட்டுத் திரும்பினார். நாற்பது வயது மகளைப் பார்த்து, "பாத்து வாடி, பைய படத்துல இடிச்சுடாத" என்றார். படம் கதவிலிருந்து எட்டடி தள்ளி இருந்தது. மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார். யார் சொன்ன இடம் சரி என்பதில் எனக்கு இன்றுவரை குழப்பம் தீரவில்லை.

மத்தியானத்துக்குள் அம்மா மறுபடி செருப்பைப் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் வரவில்லையே என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். மகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நான் பன்னிரண்டு ஓட்டையையும் அடைத்து முடித்தேன். பிறகு தரையில் இருந்த பெட்டியை அவளே தூக்கி அலமாரிமேல் வைத்தாள்.

"அடுத்த மாசம் வர்றேன்ப்பா. அப்ப பாக்கலாம்."

"அடுத்த மாசமும் சாஞ்சுதான் இருக்கும்" என்றார் சர்வேயர்.

கிளம்பும்போது அவர் என் நோட்டைக் கேட்டு வாங்கினார். "வாடகைக்கு இருக்கிறவனுக்குத்தான் சட்டமா? என் சுவத்துல நீ பன்னெண்டு போட்டிருக்க."

"அடைச்சுட்டேனே சார்."

"டாக்டரும்தான் அடைச்சாரு."

பேரத்தில் பிறந்தவன் நான், அடுத்த வாதத்தைத் தேடினேன். அவர் மூடியைக் கழற்றிப் பேனாவை நீட்டினார். பழைய வரிக்குக் கீழே, இந்தத் தடவை இடத்தோடு எழுதினேன்.

'சர்வேயர் வீடு. ஹால், கிழக்குச் சுவர். பழைய ஓட்டை பதினாறு, கண்டெடுத்தது பதினைந்து. நான் போட்டது பன்னிரண்டு, அடைத்தது பன்னிரண்டு. அவர் அடித்தது ஒன்று, நாற்காலிக்கு எதிரே, கோணல், விலை போடவில்லை. கிடைக்காத ஓட்டை ஒன்று, என் பேரில் பாக்கி.'